டாக்டர் லிங்கப்பனின் நாலு மணி டூட்டி

ஆடி மாதத்துத் தூறல் மைசூரில் ஒரேயடியாகப் பெய்து தீர்க்காது. விட்டுத் தொலையவும் செய்யாது. அப்படி நசநசவென்றிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, விஜயநகரில் இருக்கும் தொட்டமனை மருத்துவமனையின் மூன்றாம் மாடியிலிருந்து மோகனப்ரியா ஒரு கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேஷுவாலிட்டிக்கு இறங்கி வந்தாள். லிஃப்ட் இரண்டு நாளாக ஓடவில்லை. படி இறங்குகையில் முழங்கால் வலித்தது. இருபத்துநாலு வயதில் முழங்கால் வலிக்குமா, இல்லை தனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று ஒரு சந்தேகம் வந்தது. அவளுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வரும். அறையைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ரகம்.

ஹனூர்ப் பக்கத்துப் பெண். பகலெல்லாம் இங்கே வேலை. சாயங்காலம் ஆறரைக்குச் சரஸ்வதிபுரத்தில் டிப்ளமோ வகுப்பு. சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் நிரந்தரமாக்கவில்லை.

வேலை இதுதான்: மருத்துவமனையில் பெயர் இருக்கிற ஒவ்வொரு டாக்டரும் படித்த படிப்பு, மருத்துவக் கவுன்சிலில் பதிந்த எண், இதற்குமுன் வேலை பார்த்த இடங்கள், எல்லாவற்றையும் அசல் சான்றிதழோடு ஒத்துப் பார்த்துப் பச்சை மையில் குறியிட வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் இதைப் புதுப்பிப்பார்கள். சனிக்கிழமை அங்கீகார ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள். மொத்தம் நாற்பத்தொரு டாக்டர்கள். நாற்பது முடிந்துவிட்டது.

மிச்சம் இருந்த ஒரே கோப்பு, கக்கத்தில் இருந்தது. டாக்டர் கு. லிங்கப்பன், எம்.பி.பி.எஸ்., எம்.டி., எமர்ஜென்சி மெடிசின். சொந்த ஊர் கொள்ளேகால். ஒட்டியிருந்த படத்தில் நீள முகம், இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. புகைப்படம் எடுக்கும்போதே தூக்கம் கண்ணில் நின்றிருக்கிறது.

படிவத்தின் கடைசி வரி எல்லாருக்கும் ஒன்றுதான். ‘மேற்படி மருத்துவரை நேரில் கண்டு, அசல்களோடு ஒப்பிட்டேன்.’ அதன் கீழே மோகனப்ரியாவின் கையெழுத்து. நாற்பது பேரையும் அவள் நேரில் கண்டிருந்தாள். இந்த ஒருவர் மட்டும் எப்போது தேடினாலும் ‘இப்பத்தான் இங்க இருந்தாரு’ என்ற பதிலிலேயே இருந்தார். ரோஸ்டரில் தினமும் நாலு மணி முதல் எட்டு மணி வரை அவர் பெயர். அதனால்தான் நாலு மணிக்குக் கிளம்பி வந்தாள்.

கேஷுவாலிட்டியில் பகல் டூட்டி பார்க்கும் ஜூனியர் டாக்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எதிரே போனார். எட்டு மணிக்கு இன்னொருவர் வருவார். இடையில் இருக்கும் நாலு மணி நேரம்தான் லிங்கப்பனுடையது. உள்ளே நாலு கட்டில்கள், ஒரு பச்சைத் திரை, திரைக்குப் பின்னால் டாக்டரின் மேஜை. ஃபினாயில் வாசனைக்கு அடியில் ஈரத்துணி வாசனை. ஆயா கமலம்மாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தர்மபுரியிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம். பன்னிரண்டு வருடமாக இதே வார்டு.

“லிங்கப்பன் சார் இருக்காங்களாக்கா?”

துடைக்கிற கை நின்றது.

“மேல யாரு அனுப்புனாங்க?”

“யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்.”

“அப்ப நீயாவே போயிடு பாப்பா.”

“கையெழுத்து வாங்கணும்க்கா.”

“அவரு கையெழுத்தா?” கமலம்மாள் சிரித்த மாதிரி இருந்தது. “அதுக்குப் பஞ்சமே இல்ல. அந்த நோட்டப் பாரு, பக்கத்துக்குப் பக்கம் இருக்கும்.”

மோகனப்ரியா திரையை விலக்கிப் பார்த்தாள். யாரும் இல்லை. மேஜையில் ஒரு டம்ளர் காப்பி, மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் நோயாளிகள் பதிவேடு. நேற்றைய தேதி. நாலே கால்: பைக்கிலிருந்து விழுந்த கல்லூரிப் பையன், நெற்றியில் ஆறு தையல். ஐந்தரை: மூச்சுத்திணறல், பெண், அறுபது வயது. ஏழு பத்து: குழந்தை, ஜுரவலிப்பு. மூன்றுக்கும் எதிரே ஒரே கையெழுத்து. கு.லி.

அப்படியென்றால் ஆள் வருகிறார். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. கோப்பில் குறிப்பெழுத டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள்.

நாற்காலி சில்லிட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி மழைக்காலத்தில் குளிரும்தான். இது அந்தக் குளிர் இல்லை. பெரிய ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்தால் முகத்தில் வந்து அடிக்குமே, அது. ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு, ஒரு ஆளின் முதுகு உயரத்துக்கு மட்டும்.

நமக்குத்தான் உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படியேறினாள்.

புதன்கிழமை காலை, கோப்பில் இருந்த முந்தைய வேலை இடங்களுக்கு ஒவ்வொன்றாக போன் போட்டாள். அதுவும் முறைதான், அனுபவச் சான்றிதழ் உண்மைதானா என்று கொடுத்தவர்களிடமே கேட்க வேண்டும். மண்டியாவில் ஒரு மருத்துவமனை: ஆமாம், ரெண்டு வருசம் இருந்தார், நல்லபடியா ரிலீவ் ஆனார், தேதி இது. குறித்துக்கொண்டாள். அடுத்தது இங்கேயே மைசூரில், மண்டி மொஹல்லாவில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். அங்கே லிங்கப்பன் பகுதிநேரம் பார்த்ததாக இருந்தது. போனை எடுத்த பெண் பெயரை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள்.

“எந்த ஆஸ்பத்திரின்னு சொன்னீங்க?”

“தொட்டமனை.”

“மேடம், அவரு தவறிப்போய் ஒன்றரை வருசமாச்சே. இங்க நைட்டு முழுக்கப் பாத்துட்டு, காலைலயும் ஆள் வராம பகலெல்லாம் பாத்துட்டு, நாலு மணிக்கு நேரா உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தாரு. உங்க டூட்டி ரூம்லதான் போச்சு உசுரு. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது.

போனை வைத்தபின் மோகனப்ரியா பச்சைப் பேனாவை மூடினாள். திறந்தாள். மூடினாள். வேறு லிங்கப்பனாக இருக்கும். கோப்பில் வீட்டு போன் எண் என்று ஒன்று இருந்தது. அதையும் கூப்பிட்டாள். கொள்ளேகாலில் ஒரு முதியவர் எடுத்தார். பெயர் குப்புசாமி. டாக்டரின் அப்பா.

“மறுபடியும் ஆஸ்பத்திரியா கண்ணு?” என்றார். குரலில் கோபம் இல்லை. பல தடவை சொல்லிக் களைத்த குரல். “பையன் போனப்பவே கேட்டேன், அவன் சர்ட்டிபிகேட்டெல்லாம் குடுத்துருங்க, பேரை எடுத்துருங்கன்னு. சேர்றப்பவே ஒரிஜினலை வாங்கி பீரோவுல வெச்சுக்கிட்டாங்க, பாதியில போயிருவானாம்! செத்தவன் எங்கயம்மா போறான்? இன்ஸ்பெக்சன் முடியட்டும், முடியட்டும்னே ஒன்றர வருசம் ஓட்டிட்டாங்க.”

“ஐயா, நான் புதுசு. எனக்கு…”

“உன்னையச் சொல்லல கண்ணு. எங்க ஊட்டுல அவங்கம்மா பூவாத்தா சோறு வெப்பா, அமாவாசை தவறாம. காக்கா வரும். கம்பத்துல உக்காரும். எறங்காது. சோத்தப் பாக்காது, ரோட்டையே பாத்துட்டு இருக்கும். இன்னும் வர வேண்டிய ஆளு வல்லியாம்.” ஒருமுறை இருமினார். “அவன் பேரை எழுதி டூட்டி போட்டா அவன் போவானா? அவன் சின்னதுல இருந்தே அப்படி. சொன்ன வேலையை விட்டுட்டு வர மாட்டான். நீயாச்சும் எடுத்துவிடு கண்ணு. தூங்கட்டும்.”

அன்று சாயங்காலம் அவள் வகுப்புக்குப் போகவில்லை.

வியாழக்கிழமை குவாலிட்டி மேனேஜர் மனோஜ்குமாரிடம் கோப்பைக் கொண்டுபோய் வைத்தாள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில் கன்னடம் தன்பாட்டுக்கு வந்து கலக்கும். கெட்டவர் என்று சொல்ல முடியாது. யாருக்காவது பிறந்தநாள் என்றால் தன் காசில் கேக் வாங்குவார்.

“சார், இவரு உயிரோட இல்ல.”

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“கொத்து கணம்மா, கொத்து, தெரியும். எனக்குத் தெரியாதா? எமர்ஜென்சி எம்.டி. இல்லாம கேஷுவாலிட்டி நடத்தக்கூடாதுன்னு ரூல். அந்தப் படிப்பு படிச்சவன் பெங்களூர விட்டு வர்றானா? விளம்பரம் குடுத்தாச்சு, யாரும் வரல. அதுவரைக்கும் பேரு இருக்கட்டும். சும்னே ஒரு கையெழுத்து. யாருக்கு என்ன நஷ்டம்?”

“பேஷண்ட்ஸ்க்கு சார். நாலுல இருந்து எட்டு வரைக்கும் கீழ யாருமே இல்லியே.”

மனோஜ்குமார் மேஜையில் இருந்த காகிதக்கல்லை நகர்த்தி வைத்தார்.

“ஒன்றரை வருசத்துல அந்த நாலு மணி நேரத்துல ஒரு கம்ப்ளெய்ண்ட் வந்ததில்ல,” என்றார் மெதுவாக. “ஒண்ணுகூட. நான் ஏன் எதுக்குன்னு கேக்கறதில்ல. நீயும் கேக்காதே.”

“அந்த நோட்டுல அவர் கையெழுத்து யார் சார் போடறது?”

“மோகனப்ரியா. உன் கன்ஃபர்மேஷன் பேப்பர் என் டேபிள்லதான் இருக்கு. சனிக்கிழமை ஆயித்துன்னா நானே போட்டுக் குடுக்கறேன்.”

வேலை போனால் திரும்ப ஹனூர்தான். வீட்டில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். அதெல்லாம் அவளுக்கு ஒரு நொடியில் கண்முன் வந்துபோனது. ஆனாலும் அந்தக் கடைசி வரி உறுத்தியது. அதைப் பொய்யாக எழுத அவளுக்குக் கை வராது. தைரியத்தால் அல்ல, பயத்தால். தப்பாக எழுதிவிட்டோமோ என்ற நினைப்போடு அவளால் ஒரு இரவு தூங்க முடியாது.

“ஆளை நேர்ல பாக்காம நான் போட மாட்டேன் சார்,” என்றாள். “அசலோட வந்து என் முன்னாடி உக்காரட்டும், போடறேன்.”

சொல்லும்போதே அது ஒரு நல்ல மறுப்பு என்று தோன்றியது. முறைப்படியும் சரி. யாரும் குறை சொல்ல முடியாது. செத்தவர் எப்படி வருவார்? சனிக்கிழமை வரை இதையே பிடித்துக்கொண்டிருந்தால் பெயர் தானாக விழுந்துவிடும். அதோடு நிற்காமல், வழக்கம்போல அழைப்புக் கடிதம் ஒன்றும் அடித்தாள். மற்ற நாற்பது பேருக்கும் அடித்தாளே, இவருக்கு மட்டும் விட்டால் கோப்பில் ஒரு தாள் குறையும். ‘அசல் சான்றிதழ்களுடன் வெள்ளி மாலை 4.40க்கு மூன்றாம் மாடி ஆவண அறையில் நேரில் வரவும்.’ ஒரு பிரதியைக் கோப்பில் வைத்தாள். இன்னொன்றைக் கீழே கொண்டுபோய், தட்டு மூடிய காப்பி டம்ளருக்கு அடியில் வைத்தாள்.

கமலம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்ன பாப்பா வெக்கிற?”

“லெட்டர்க்கா.”

“வரச் சொல்லியா?” தலையில் அடித்துக்கொண்டாள். “அடிப்பாவி. அந்த மனுசனுக்கு ஏற்கனவே வேல போதாதா?”

வெள்ளிக்கிழமை. ஆவண அறையில் அவள் மட்டும் இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே சாமுண்டி மலை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறம். கீழே ஒரு ஆட்டோ திரும்பும் சத்தம். தூரத்தில் எங்கோ குக்கர் விசில்.

நாலு முப்பத்தெட்டு.

இன்னும் இரண்டு நிமிடம், அப்புறம் யாரும் வரவில்லை என்று கோப்பில் எழுதிவிட்டு வகுப்புக்குப் போகலாம் என்று பேனாவை எடுத்தாள்.

படியில் சத்தம் கேட்டது.

நடக்கிற சத்தம் இல்லை. ஒரு காலுக்கு அப்புறம் இன்னொரு கால் என்று வராமல், இரண்டு காலும் சேர்ந்து ஒரே சமயத்தில் இழுபடுகிற சத்தம். ஒரு இழுப்பு. ஒரு நிறுத்தம். ஒரு இழுப்பு. மூன்று மாடி ஏறுகிறவன் ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிற மாதிரி.

ஆனால் மூச்சுச் சத்தம் மட்டும் இல்லை.

கதவு தட்டப்பட்டது. மரியாதையாக, இரண்டு தடவை.

“மேடம், கூப்பிட்டிருந்தீங்களாமா?”

நீள முகம். இடது புருவத்தில் தழும்பு. வெள்ளைக் கோட்டு கசங்கியிருந்தது. ஒரு கையில் பிளாஸ்டிக் உறை.

“உக்காரலாமுங்களா? ரொம்ப நேரமா நின்னுட்டே இருக்கறேன்.”

அவள் தலையசைத்தாளா என்று அவளுக்கே தெரியாது. அவர் உட்கார்ந்தார். செவ்வாய்க்கிழமை நாற்காலியில் உணர்ந்த அதே குளிர் மேஜையைத் தாண்டி வந்து அவள் மணிக்கட்டைத் தொட்டது. டெட்டால், பழைய வியர்வை, அதற்கெல்லாம் அடியில் ஈர ஐஸின் வாசனை.

ஓடலாம். கதவு அவருக்குப் பின்னால் இருந்தது.

கையில் பிடித்துக்கொள்ள அவளிடம் இருந்தது அந்தப் படிவம் ஒன்றுதான். முதல் வரியில் விரலை வைத்தாள்.

“பேரு சொல்லுங்க சார்.”

“லிங்கப்பன். அப்பா பேரு குப்புசாமி.”

சரி. பச்சைக் குறி.

“புகைப்படம்…” நிமிர்ந்து பார்த்தாள். குனிந்து படத்தைப் பார்த்தாள். ஒத்துப்போனது. குறி.

“கவுன்சில் பதிவு எண்?”

மனப்பாடமாகச் சொன்னார். கடைசி இரண்டு இலக்கம் வரும்போது கண் சொருகியது. தலை முன்னால் சாய்ந்து, திடுக்கென்று நிமிர்ந்தது. “மன்னிச்சுக்கோங்க,” என்றார்.

உறையிலிருந்து அசல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எம்.பி.பி.எஸ். எம்.டி. பதிவுச் சான்றிதழ். அனுபவக் கடிதங்கள் இரண்டு. பல்கலைக்கழக முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். புடைத்திருந்தது. குறி போட்டு அடுத்ததை எடுத்தாள். இது தினமும் செய்கிற வேலை. நாற்பது தடவை செய்த வேலை. எதிரே இருப்பவரைப் பார்க்காமல் வரிகளை மட்டும் பார்த்தால் போதும். பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு எழுத்துப் பிசகில்லை.

கடைசி வரி வந்தது. நேரில் கண்டேன். அசல்களோடு ஒப்பிட்டேன்.

இரண்டும் உண்மை.

“இங்க ஒண்ணு போடுங்க சார்.”

அவர் போட்டார். கு.லி. அவளும் போட்டாள். தேதி எழுதினாள். பழக்கத்தில் முத்திரையையும் குத்தினாள்.

“அப்பாடா,” என்றார் லிங்கப்பன். முகம் முதல் தடவையாகக் கொஞ்சம் தளர்ந்தது. “இது ரிலீவிங்தானுங்களே மேடம்?”

மோகனப்ரியா தாளின் தலைப்பைப் பார்த்தாள்.

‘மறுநியமனம். இரண்டு ஆண்டுகள்.’

அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரம் நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் சொல்லக்கூடாததைச் சொல்லிப் பழகியவர். முகத்தைப் படிக்க அவருக்கு நேரமாகவில்லை.

“எழுத்து மேல கண்ணு நிக்க மாட்டேங்குது,” என்றார். “தூங்கி ரொம்ப நாளாச்சு. நீங்க படிச்சிருப்பீங்கன்னு போட்டுட்டேன்.”

“சார், நான்… கிழிச்சிடறேன் சார்…”

கீழே வாசலில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அவர் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

“சரிங்க,” என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. அந்தச் ‘சரிங்க’வில் ஒன்றுமே இல்லை.

மேஜையைப் பிடித்து எழுந்தார். கதவை நோக்கித் திரும்பியபோதுதான் அவள் அவர் கால்களைப் பார்த்தாள். செருப்பில்லை. இரண்டு கட்டைவிரல்களும் ஒரு கிழிந்த வெள்ளைத் துணியால் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. பாடையில் கிடத்தும்போது கட்டுவார்களே, அந்தக் கட்டு.

அப்படியே, கட்டின கால்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு, அவர் மூன்று மாடியும் இறங்கிப் போனார். அவள் கடைசிப் படி வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

கிழிக்க எடுத்த தாளை மனோஜ்குமார் வந்து வாங்கிக்கொண்டார். அவர் எப்போது உள்ளே வந்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“பரவால்லியே! அசல் கையெழுத்து மாதிரியே இருக்கு. யாரு போட்டது?” என்று சிரித்தவர், மேஜையில் கிடந்த சான்றிதழ்களைப் பார்த்து நின்றுபோனார். பாக்கெட்டில் கையை விட்டுச் சாவியைத் தடவிப் பார்த்தார். சாவி இருந்தது.

“பீரோவ எப்படித் திறந்தே?”

“நான் திறக்கல சார்.”

அவர் அந்தத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு, சான்றிதழ்களைத் தொடாமல், வேகமாகப் போய்விட்டார்.

சனிக்கிழமை ஆய்வு நடந்தது. வந்தவர்களில் மூத்தவர், கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், சாயங்காலம் கூட்ட அறைக்கு வந்து உட்கார்ந்து தேநீர் குடித்தார். கோப்புகள் சுத்தமாக இருப்பதாகப் பாராட்டினார். பிறகு சொன்னார்: “கேஷுவாலிட்டியில உங்க எமர்ஜென்சி டாக்டரோட பத்து நிமிஷம் பேசினேன். கேட்டதுக்கெல்லாம் டக் டக்குனு பதில். ரொம்ப நல்ல டாக்டர். ஆனா அவருக்கு ரெஸ்ட் குடுங்க சார். அந்த மனுஷன் நின்னுக்கிட்டே தூங்கறார்.”

மனோஜ்குமாரின் கையில் இருந்த பிஸ்கட் தேநீரில் விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

அன்றே மோகனப்ரியாவின் நிரந்தர உத்தரவும் வந்தது. அதை மடித்துப் பையில் வைத்தாள். பிரித்துப் படிக்கவில்லை. அப்புறம் மனோஜ்குமாரிடம் போய், லிங்கப்பனுக்கு ரிலீவிங் லெட்டர் போட்டுவிடலாம் சார் என்றாள்.

“ரெண்டு வருசத்துக்குப் பேப்பர் போயாச்சு. உன் கையெழுத்துதான் அதுல இருக்கு,” என்றார் அவர். குரலில் முன்பிருந்த சிரிப்பில்லை. “நான் நாலு மணிக்கு மேல இங்க இருக்கறதில்ல, இனிமே. நீயும் இருக்காதே. அவ்வளவுதான் நான் சொல்லுவேன்.”

அவள் மூன்றாம் மாடிக்குப் போனாள். மருத்துவமனைத் தலைப்பிட்ட தாளில் தானே அடித்தாள். ‘டாக்டர் கு. லிங்கப்பன் தமது பணியிலிருந்து இன்று முதல் விடுவிக்கப்படுகிறார். அவரிடமிருந்து மருத்துவமனைக்கு வரவேண்டியது எதுவும் இல்லை.’ அதிகாரம் இல்லாத தன் கையெழுத்தைப் போட்டு, முத்திரை குத்தினாள். தெரிந்தால் வேலை போகும். முதல் தடவையாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் அதைத் திரும்பப் படித்துப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொள்ளேகால் பஸ்ஸில் போய் அசல்களைக் குப்புசாமியின் கையில் கொடுத்தாள். அவருக்குப் படிக்கத் தெரியாது. முத்திரை இருக்கும் இடத்தை மட்டும் கட்டைவிரலால் தடவினார். உள்ளேயிருந்து பூவாத்தாள் வந்து நின்றாள்; அழவில்லை.

கடிதத்தையும் காட்டினாள்.

“எங்ககிட்டக் காட்டி என்ன கண்ணு?” என்றார் குப்புசாமி. “அவன்கிட்டக் குடு. அன்னைக்கே வந்துருவான்.”

“மூணு நாளா சோறு கேக்கற மாதிரியே இருக்குது எனக்கு,” என்றாள் பூவாத்தாள். “நாளைக்கு ஆக்கி வெக்கறேன்.”

திங்கட்கிழமை நாலு மணி. ஜூனியர் டாக்டர் ஹெல்மெட்டோடு கிளம்பிப் போனார். கேஷுவாலிட்டியில் நாலு கட்டிலும் காலி. தூறல் தாழ்வாரத்துக் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. மோகனப்ரியா திரையை விலக்கி, மேஜை மேல் கடிதத்தை விரித்து வைத்து, பறக்காமல் இருக்கப் பேனாவைக் குறுக்கே வைத்தாள்.

“இது என்ன லெட்டரு?” என்றாள் கமலம்மாள். அதட்டலாகத்தான் கேட்டாள்.

“போகச் சொல்ற லெட்டர்க்கா.”

கமலம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு போய்த் திரையை இழுத்து மூடினாள், குளிக்கிறவர்களுக்கு மூடுகிற மாதிரி. இருவரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

நாலரை.

நாலு முப்பத்தைந்து.

பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

அப்புறம் காகிதத்தில் எழுதும் சத்தம். மெதுவாக, நடுவில் நின்று நின்று. அப்புறம் ஒன்றுமில்லை. கமலம்மாள் அவள் கையைப் பிடித்தாள். உள்ளங்கை ஃபினாயிலில் வெந்து சொரசொரவென்றிருந்தது.

“போயிட்டாரா பாப்பா?”

மோகனப்ரியா எழுந்து போனாள். திரைக்கு இந்தப் பக்கம் நின்று கையை மட்டும் உள்ளே விட்டு, தடவிக் கடிதத்தை எடுத்தாள். தாள் ஐஸில் கிடந்த மாதிரி இருந்தது. பின்பக்கம் எழுதியிருந்தது. மை இன்னும் காயவில்லை.

‘மேடம், கடிதம் கிடைத்தது. மிக்க நன்றி. ஆனால் எனக்குப் பதில் டூட்டிக்கு டாக்டர் யாரும் வரவில்லை. கேஷுவாலிட்டியை ஆளில்லாமல் விட்டுவிட்டுப் போக முடியாது. ஆள் வந்ததும் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புகிறேன். வீட்டுக்குத் தகவல் சொல்லிவிடவும். கு.லி.’

“என்ன எழுதியிருக்காரு? படி பாப்பா.”

மோகனப்ரியா தாளை மடித்தாள். ரோஸ்டரில் அவர் பெயர் இருக்கிறவரை இந்த இடத்துக்கு இன்னொரு டாக்டரை யாரும் தேடப்போவதில்லை. இரண்டு வருடத்துக்கு அவர் பெயர் இருக்கும். அவள் கையெழுத்து அப்படித்தான் சொல்கிறது.

வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஒரு ஆள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த தன் அப்பாவைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுவந்து முதல் கட்டிலில் கிடத்தினான். பெரியவரின் உதடு நீலமாகியிருந்தது.

“டாக்டர்! டாக்டர் யாரும்மா இருக்காங்க? டாக்டர் இருக்காங்களா இல்லியா?”

கமலம்மாள் மோகனப்ரியாவைப் பார்த்தாள். மோகனப்ரியா கடிதத்தைப் பார்த்தாள். இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் இவர் அடுத்த மருத்துவமனை போய்ச் சேர்வாரா? இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது?

பச்சைத் திரைக்குப் பின்னால் யாரோ நீளமாகக் கொட்டாவி விட்டார்.

பிறகு, நாற்காலி பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம் கேட்டது.